மரத்துப்போன கையும் நள்ளிரவு வலியும்: மயக்க மருந்து நிபுணரின் பதில்கள்

மணிக்கட்டு முறிவுக்குக் கையை மட்டும் மரக்க வைத்து அறுவை செய்தார்கள். மாலைவரை வலியே இல்லை. நள்ளிரவில் அழுதுவிட்டேன். ஊசியைத் தப்பாகப் போட்டுவிட்டார்களா?

ஊசி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. மரப்பு விடும்போது என்ன ஆகும் என்பதை உங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. அதுதான் என் வருத்தம். புபிவக்கெய்ன், ரோபிவக்கெய்ன் போன்ற மரக்க வைக்கும் மருந்துகளை நரம்பருகே ஒருமுறை செலுத்தினால் (இதுதான் 'நரம்பு பிளாக்'), இடத்தையும் அளவையும் பொறுத்து 8 முதல் 24 மணி நேரம் வரை மரத்திருக்கும். பிறகு, அதுவரை தெரியாமல் இருந்த வலி மொத்தமாக வந்து தாக்கும். இதை 'ரீபவுண்ட்' வலி என்கிறோம். உங்களுக்கு நடந்த அதே மணிக்கட்டு அறுவையில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். முழு மயக்கம் பெற்றவர்களைவிட நரம்பு பிளாக் பெற்றவர்களுக்கு 2 மணி நேரத்தில் வலி மிகக் குறைவு. 12, 24 மணி நேரத்தில் அதிகம். முதல் சில மணி நேரத்தை மட்டும் அளந்த ஆய்வைப் படித்தால் பிளாக் அற்புதம் என்றே தோன்றும்.

அதற்காக பிளாக் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கை இன்னும் மரத்திருக்கும்போதே, படுக்கப் போகும் முன், மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் மாத்திரையால் அதைப் பிடிக்க முடியாது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்தால் பிளாக் இன்னும் சில மணி நேரம் நீடிக்கும் என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது.

அம்மாவுக்கு 78 வயது, இடுப்பெலும்பு முறிவு. முழு மயக்கம் கொடுத்தால் நினைவு தடுமாறும், முதுகில் ஊசிதான் நல்லது என்கிறார்களே?

நாங்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினோம். 2021-ல் வெளிவந்த 'ரீகெய்ன்' ஆய்வில் இடுப்பெலும்பு முறிந்த, 50 வயதைக் கடந்த 1,600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 60 நாளில் இறந்தவர்கள் அல்லது ஊன்றுகோலோ வாக்கரோ இருந்தும் பிறர் உதவியின்றி நடக்க முடியாமல் போனவர்கள் ஸ்பைனல் (முதுகில் ஊசி) குழுவில் 18.5 சதவீதம், முழு மயக்கக் குழுவில் 18 சதவீதம். மனக்குழப்பமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். எனவே எதைத் தேர்ந்தெடுத்தாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். நுரையீரல் நோய் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். முடிவை மாற்றக்கூடியவை அவைதான்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் ஐந்து வருடமாக முதுகுவலியா?

இல்லை. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். வருடக்கணக்கான வலிக்கு அதைக் காரணமாகக் காட்டும் சான்று இல்லை. வேறு காரணத்தைத் தேடுங்கள். ஸ்பைனல் ஊசியால் உண்மையில் வரக்கூடியது தலைவலிதான். தண்டுவட நீர் கசிவதால், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். 1898-ல் இம்முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர், தன்மேலேயே சோதித்துப் பார்த்து, அந்தத் தலைவலியால் பல நாள் படுத்துக் கிடந்தார். பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகள் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

வலி ஆய்வு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். எனக்கு வெறும் உப்புநீர் ஊசி விழுந்தால்?

விழலாம்; ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு மருந்தில்லாத ஊசி போடுவது உண்டு. அதை மறைக்காமல் ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எந்தக் குழுவில் இருந்தாலும், வலித்தால் கேட்டவுடன் மருந்து உண்டா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "உண்டு" என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி: எதை அளக்கிறார்கள்? பூஜ்யம் முதல் பத்து வரையான வலி மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் குறைந்தாலும், ஆட்கள் நிறைய இருந்தால் கணக்கில் அது 'வெற்றி' ஆகிவிடும். ஏறத்தாழ ஒரு மதிப்பெண்ணாவது குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும். நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின் வகை மாத்திரைகளைப் பல ஆண்டுகள் அறுவைக்கு முன் வழக்கமாகக் கொடுத்துவந்தோம். 2020-ல் 281 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. இப்படிப்பட்ட உண்மைகள் தெரிய வந்ததே உங்களைப் போன்றவர்கள் ஆய்வுகளில் சேர்ந்ததால்தான்.

பிளாக் போட்டால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்குமா?

மிக அரிது. சில நாள் ஊசி குத்துவதுபோல் இருந்து தானாகச் சரியாவதே பெரும்பாலும் நடக்கும். ஒரு நாளுக்கு மேலும் மரப்பு விடவில்லை என்றாலோ, விட்ட பிறகு பலவீனம் புதிதாக வந்தாலோ அன்றே தெரிவியுங்கள்.