பழைய ரேசர், கழுத்துப் பருக்கள், கூடவே ஒரு பிரஷ்

கேள்வி: பழைய ரேசர்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. அண்மையில் ஜில்லெட் ரேசர் ஒன்று வாங்கினேன். அடியைத் திருகினால் தலை இரண்டு கதவுகள்போலத் திறக்கும் வகை. கைப்பிடி வரிகளில் பச்சைக் களிம்பு, கதவுகளுக்குள் துருக்கறை. கழுவிவிட்டு, புது பிளேடு போட்டு இரண்டு வாரமாகத் தினமும் சவரம் செய்கிறேன். இப்போது கழுத்தில் மட்டும் சிவப்புப் பருக்கள், அரிப்பு. ஒருமுறை வெட்டுக்காயமும் பட்டது. தனுர்வாதம் வருமா? நிக்கல் ஒவ்வாமையா? எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார் மனைவி. (சோப்பு நுரைக்க, ரேசருடன் வந்த பழைய குதிரைமயிர் பிரஷ்ஷைத்தான் பயன்படுத்துகிறேன்.) வயது 42.

பதில்: எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். ஒன்றை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அது ரேசர் அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கழுத்து. கன்னத்தில் முடி ஏறக்குறைய ஒரே திசையில், கீழ்நோக்கி வளரும். கழுத்தில் அப்படியில்லை, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குச் சுழி போட்டு வளரும். தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில் அழுத்தி மழித்தால் முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படும். கையை எடுத்ததும் அந்தக் கூரிய நுனி உள்ளே போய்விடும். பிறகு வெளியே வர வழியில்லாமல் மயிர்க்காலின் சுவரையே குத்தும். உடலுக்கு அது முள் தைத்த மாதிரிதான். சிவந்து, வீங்கி, அரிக்கும். நீங்கள் சொல்லும் இடமும் இரண்டு வாரக் கணக்கும் இதற்குத்தான் பொருந்துகின்றன.

கார்ட்ரிட்ஜ் ரேசரில் பழகிய கை, அழுத்தாமல் இருக்காது. பழைய ரேசரில் அந்தக் கனமான பித்தளைத் தலையின் எடையே போதும். பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரி சாய்ந்திருந்தால், முடி அறுபடும் சத்தம் மெல்லியதாகக் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் கோணம் தவறிவிட்டது என்று அர்த்தம். ஆனால் இதெல்லாம் பருக்கள் அடங்கிய பிறகு. அதுவரை, மூன்று நான்கு வாரம், கழுத்தில் பிளேடு படவே வேண்டாம். டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே சுருண்ட முடியை ஊசியால் தோண்டாதீர்கள், பிடுங்காதீர்கள். சீழ் வைத்தாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ நேரில் காட்டியாக வேண்டும்.

நிக்கலா? முலாம் நிக்கல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நிக்கல் ஒவ்வாமைக்குக் கழுத்து, கன்னம் என்ற பேதம் கிடையாது. ரேசர் போன இடமெல்லாம் வரும்; பிடிக்கும் விரல்களிலும் வரலாம். கைக்கடிகாரத்தின் பின்பக்கமோ, பெல்ட் பக்கிளோ உங்களுக்கு எப்போதாவது அரிப்பைத் தந்திருக்கிறதா? இல்லையென்றால் இந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

துருவுக்கும் தனுர்வாதத்துக்கும் நேரடி உறவில்லை. அந்தக் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. மண்ணில் கிடந்த ஆணி துருப்பிடித்தும் இருக்கும் என்பதால் பழி துருவின்மேல் விழுந்துவிட்டது. மேலும், உங்கள் ரேசரின் உடல் பித்தளை. பித்தளை துருப்பிடிக்காது, களிம்புதான் ஏறும். அந்தக் கறை பெரும்பாலும் யாரோ உள்ளேயே மறந்து வைத்த பழைய பிளேடு விட்டுப்போனது. ஆனாலும் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் தாண்டியிருந்தால், அல்லது எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றால், போட்டுக்கொள்ளுங்கள். ரேசருக்காக அல்ல, எப்படியும் போட வேண்டியதுதான்.

சேகரிப்பாளர்கள் கவனிக்க மறப்பது வேறொன்று. பழைய சொந்தக்காரரின் ரத்தத்தில் இருந்திருக்கக்கூடிய வைரஸ் இத்தனை ஆண்டுகள் தாங்காது. ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். எனவே நண்பருடன் ரேசரை மாற்றி மாற்றி முயன்று பார்ப்பதுதான் ஆபத்து. பிளேடை மாற்றினால் மட்டும் போதாது. கதவு வகை ரேசரைக் கழற்றவும் முடியாது என்பதால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கதவுகளைத் திறந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேயுங்கள். வெள்ளையாகப் பொருக்கு உதிரும். பல வருடச் சோப்பு அது. பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிடம். பிளீச்சிங் திரவம் முலாமை அரித்துவிடும், வேண்டாம்.

இனி அந்த பிரஷ். அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரைமயிர் சவர பிரஷ்களால் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் (கால்நடைகளிடமிருந்து தொற்றும் கொடிய பாக்டீரியா நோய்) வந்தது. உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். மயிரின் அடிக்கட்டுக்குள் தேய்க்க வழியில்லை. ஆந்த்ராக்ஸ் விதைகளோ பல பத்தாண்டுகள் கிடக்கும். உங்கள் பிரஷ்ஷில் அவை இருப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. உங்கள் பருக்களும் அந்த ஜாதி இல்லை. அவை பலவாக இருக்கின்றன, கறுக்கவில்லை. என்றாலும் மழித்த தோலில் தினமும் தேய்க்கிற பொருளில் அந்தச் சிறு வாய்ப்பையும் நான் ஏற்க மாட்டேன். பிரஷ்ஷைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதாவது வலியே இல்லாத ஒரு புண் கொப்புளித்து, நடுவில் கரிபோலக் கறுத்து, சுற்றிலும் வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது இந்த பிரஷ்ஷைப் பற்றியும் சொல்லுங்கள்.