மன்னித்த பிறகும் மனம் கொதிக்கிறதே?

கேள்வி: பணத்தில் ஏமாற்றிய அண்ணனை மன்னித்துவிட்டதாக ஜெபத்தில் சொன்னேன். ஆனால் அவரைப் பார்த்தாலே கோபம் பொங்குகிறது. என் மன்னிப்பு பொய்யா? திரும்பவும் அவரை நம்பிப் பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: பொய் இல்லை. புதிய ஏற்பாட்டில் மன்னிப்புக்கு வரும் கிரேக்கச் சொல் 'அஃபெசிஸ்'. விட்டுவிடுதல் என்று பொருள். கடன் தள்ளுபடிக்கும் அதே சொல்தான். தள்ளுபடி ஒரு தீர்மானம். மனம் ஆறுவதற்கு அதைவிட நாளாகும்.

மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் கதையின் கணக்கைப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம்; ஒரு பணம் ஒரு நாள் கூலி. ராஜா தன் வேலைக்காரன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி! அப்படித் தப்பித்தவன், 100 பணம் தரவேண்டிய உடன் வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். அந்த நூறும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. ஆகவே உங்கள் இழப்பை இயேசு அற்பமாக எண்ணவில்லை.

ஒரு தாளில் இழந்த தொகை, நாள், அவர் சொன்ன பொய் எல்லாவற்றையும் எழுதுங்கள். 'எல்லாவற்றையும் மன்னித்தேன்' என்று மொத்தமாகச் சொன்னால், சொல்லாமல் விட்டது பிறகு ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். ஒவ்வொரு வரியையும் ஜெபத்தில் சொல்லி விட்டுவிட்டு, தாளைக் கிழித்துவிடுங்கள். மீண்டும் கோபம் வந்தால், 'இதை அன்றே விட்டுவிட்டேன்' என்று சொல்லி, அவருக்காக ஒரு வரி ஜெபியுங்கள். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட சீடர் பேதுருவிடம் இயேசு சொன்ன 'ஏழெழுபதுதரம்', ஒரே குற்றம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவதற்கும் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. பலர் வழுக்கி விழுவது வேறிடத்தில்: மன்னித்த கதையை உறவினரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது. அது மன்னிப்பின் பெயரில் நடக்கும் வசூல்.

நம்பிக்கை விஷயம் தனி. மன்னிக்க நீங்கள் ஒருவர் போதும். ஒப்புரவுக்கு, அதாவது உறவு மீண்டும் சேர, இருவரும் வேண்டும். முதலில் அவரிடம் தனியே பேசுங்கள். கேட்காவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இதுவும் மத்தேயு 18-இல் உள்ள முறைதான். அவர் மனந்திரும்பினாரா என்பது செயலில் தெரியும்: வரி வசூலித்த சகேயு, இயேசுவைச் சந்தித்தபோது, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனத்திலும் மனத்துயர், பாவ அறிக்கையோடு பரிகாரமும் உண்டு.

அதுவரை புதிதாகப் பணம் கொடுக்காதீர்கள். பழைய தொகையைத் தவணையில் கேட்பதிலும் தவறில்லை. அடிமையான ஒநேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுலும், 'அவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் வை, நான் தீர்க்கிறேன்' என்றுதான் எழுதினார்.