பத்துப் படம், பத்துக் கப்பல்

கேள்வி: ஐயா, தோட்டத்தில் வயரிங் வேலை. ராத்திரியில் பேனாவும் மசியும் வைத்துப் போர்க்கப்பல் வரைவேன். நம்ம குவாந்தான் கடலில் மூழ்கிய 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' கப்பலை நுணுக்கமாக வரைய ஆசை. ஆனால் பத்துப் படம் பார்த்தால் பத்தும் வேறு மாதிரி இருக்கிறது. எதை நம்புவது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பத்தும் சரியாகவே இருக்கலாம் தம்பி, வம்பே அதுதான். 1941 மே 24 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கோடு மோதியபோது பி, ஒய் என்ற பீரங்கிக் கோபுரங்களின் மேல் ராக்கெட் ஏவிகள் இருந்தன. பழுதுபார்க்கப் போன இடத்தில் அவற்றைக் கழற்றிவிட்டு எட்டுக்குழல் 'பாம்-பாம்' விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தார்கள். குவாந்தான் காட்சியில் ராக்கெட் ஏவி வரைந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அதனால் முதலில் தாளின் மூலையில் கப்பல் மூழ்கிய நாளை, 10.12.1941 என்று எழுதுங்கள், அப்புறம் பென்சிலைத் தொடலாம். டிசம்பர் ஆரம்பத்தில் சிங்கப்பூரில் எடுத்த படங்கள்தான் உங்களுக்குச் சாட்சி.

கட்டுமான வரைபடம் கிடைத்தால் உடல் வளைவுக்கு அதைவிட நல்லது இல்லை, ஆனால் கட்டி முடித்த நாளோடு அது நின்றுவிடும், பிறகு மாட்டியது கழற்றியது எதுவும் அதில் இருக்காது. பிரிட்டிஷ் கடற்படை வரைபடங்கள் பெரும்பாலும் ஓர் அடிக்கு 1/8 அங்குலம். 745 அடிக் கப்பல் ஏழே முக்கால் அடித் தாளாகிவிடும், லயத்து வீட்டில் விரிக்க இடம் ஏது?

நானும் அடிபட்டவன்தான். முதல் படத்தில் பி கோபுரத்துக்கும் நாலு குழல் போட்டு, பெருமையாக முடிதிருத்தும் கடையில் மாட்டிவிட்டேன். முடிவெட்ட வந்த ஒரு பழைய ராணுவக்காரர் கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்தார். ஏ-யில் நாலு, பி-யில் இரண்டு, பின்னால் ஒய்-யில் நாலு, ஆக 14 அங்குலக் குழல் பத்துதான்.

உருமறைப்புப் பட்டைகளை ஒரு பக்கம் பார்த்து மறுபக்கத்தை யூகிக்காதீர்கள். கருப்பு வெள்ளைப் படத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அந்தக் காலச் சில ஃபிலிம்களில் சிவப்பு கருத்து விழும், நீலம் வெளிறிப் போகும். நீங்கள் மசியில் வரைவதால் பாதித் தலைவலி மிச்சம்.

கூட வந்த 'ரிப்பல்ஸ்' 1916இல் சேவைக்கு வந்த பழைய கப்பல், மூன்று கோபுரம், கோபுரத்துக்கு இரண்டாக 15 அங்குலக் குழல் ஆறு. அதைப் பின்னணியில் சேர்த்தால், முன்னதைச் சின்னதாக்கி ஒட்டிவிடாதீர்கள். மூழ்கும் காட்சிதான் என்றால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் இடப்பக்கம் சாயட்டும், அந்தப் பக்கம்தான் கவிழ்ந்தது. வரைந்து முடித்ததும் ஒரு நகல் அனுப்புங்கள், குழல்களை எண்ணிப் பார்க்கிறேன்.