தரவு யார் கையிலிருந்து வரும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொருளியலில் முதுகலை முடித்திருக்கிறேன். பிரிட்டனில் டாக்சி செயலி ஓட்டுநர்களின் வருமானம் பற்றி உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ‘செயலியிலிருந்தும் ட்விட்டரிலிருந்தும் தரவைத் திரட்டி, இயந்திரக் கற்றல் மூலம் ஆராய்வேன்’ என்று முன்மொழிவில் எழுதியிருக்கிறேன். இது போதுமா? பணம் எவ்வளவு கிடைக்கும்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யூகேஆர்ஐ 2025-26 கல்வியாண்டுக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண்டு. வருமான வரி கிடையாது. இந்த நிதி கிடைத்தால், வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் உங்களிடம் கேட்கக் கூடாது. ஆனால் வெளிநாட்டவருக்கு 30 சதவீத இடம்தான் உச்சவரம்பு, போட்டி கடுமை. விசாவோடு மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் எல்லா ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முன்மொழிவு. ‘தரவைத் திரட்டி’ என்ற இரண்டு சொல்லில்தான் உங்கள் விண்ணப்பம் நிற்கும், அல்லது விழும். ட்விட்டர் ஆய்வாளர்களுக்குத் தந்த இலவச வழியை 2023-இல் மூடிவிட்டது. ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவி 2024 ஆகஸ்ட் 14 அன்று நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம், 40-ஆம் பிரிவு ஆய்வாளர்களுக்குக் கதவு திறக்கிறது, உண்மைதான். ஆனால் அது 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ளதாக அறிவிக்கப்பட்ட தளங்களுக்கு மட்டும். பிரிட்டனுக்குப் பொருந்தவும் பொருந்தாது.

உங்களுக்கு உள்ள நல்ல வழி ஓட்டுநரே. தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமையை பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 15-ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. அவர் வாங்கி உங்களிடம் கொடுக்கலாம். 2025-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு இப்படித்தான் 258 ஊபர் ஓட்டுநர்களின் 15 லட்சம் பயணங்களைப் பார்த்தது. 2023-இல் மாறும் கட்டண முறை வந்தபின், பயணி கட்டும் தொகையில் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு 25 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாக உயர்ந்ததை அதிலிருந்தே கண்டுபிடித்தார்கள். (இந்தியாவில் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைத்தான் தருகிறது. ஆகவே இதே முறையை மதுரையில் அப்படியே செய்ய முடியாது.)

பதில் தர நிறுவனத்துக்கு ஒரு மாதம்; சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எனவே முதல் ஆண்டில் தரவு கைக்கு வராது என்று வைத்தே கால அட்டவணை போடுங்கள். கோரிக்கையில் ‘என் தரவு எல்லாம்’ என்று எழுதினால் குப்பையும் சேர்ந்து வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஒவ்வொரு பயணத்துக்கும் தனி வரி, சிஎஸ்வி (அட்டவணையாகத் திறக்கும்) கோப்பு என்று குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

முதல் கோப்பு வந்ததும் ஒன்றைப் பாருங்கள்: பயணி கட்டிய தொகை அதில் இருக்கிறதா? ஓட்டுநருக்குக் கிடைத்தது மட்டும் இருந்தால் நிறுவனத்தின் பங்கைக் கணக்கிட வழியே இல்லை. ஆய்வுக் கேள்வியையே மாற்ற வேண்டிவரும். அடுத்தது, செயலியில் உள்நுழைந்து காத்திருந்த நேரத்தின் பதிவு. 30 நிமிடப் பயணத்துக்கு 12 பவுண்டு கிடைத்தால் மணிக்கு 24 பவுண்டு என்று தோன்றும். 20 நிமிடம் காத்திருந்து, 10 நிமிடம் ஓட்டிப்போய்ப் பயணியை ஏற்றியதையும் சேர்த்தால் அது 12 பவுண்டுதான். 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் தீர்த்துவைத்த கேள்விகளில் ஒன்றே, வேலை நேரம் எப்போது தொடங்குகிறது என்பதுதான். எந்த நேரத்தால் வகுக்கிறீர்கள் என்பதை முன்மொழிவிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு செயலியை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பவரின் காத்திருப்பு இருமுறை எண்ணப்படும், அதற்கும் ஒரு விதி வேண்டும்.

சின்னத் தவறுகளும் முடிவைக் கவிழ்க்கும். நேரம் உலகப் பொது நேரமான யூடிசி-யில் பதிவாகியிருந்தால், கோடையில் லண்டன் கடிகாரம் அதைவிட ஒரு மணி முன்னே ஓடும். காலை எட்டு மணி நெரிசல் ஏழு மணிக்கு நடந்ததாகத் தெரியும். ரத்தான பயணங்கள் பூஜ்யமாக நின்று சராசரியைக் கீழே இழுக்கும். இடக் குறியீட்டை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அப்படியே வைத்திருந்தால், தினமும் முதலில் பதிவாகும் புள்ளி ஓட்டுநரின் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தசம இலக்கத்தோடு வெட்டுங்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் மங்கல் கிடைக்கும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது பெரிய பிழை. நம்பித் தந்தவரை நாமே மாட்டிவிட்டது போலாகும்.

தரவு தர முன்வருபவர்களில் சங்கத்தில் உள்ளவர்கள், முழுநேரம் ஓட்டுபவர்கள், ஏற்கெனவே மனக்குறை உள்ளவர்கள் அதிகம் இருப்பார்கள். இதை மறைக்காதீர்கள். யாரை எங்கே சந்திப்பீர்கள், பாதியில் விலகினால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இயந்திரக் கற்றல் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு இதை அங்கே வையுங்கள். உங்கள் கேள்விக்கு எளிய பின்னடைவுப் பகுப்பாய்வே (ரெக்ரஷன்) போதும்.

பல திட்டங்களின் கடைசி நாள் ஜனவரியில் வரும். வழிகாட்டியாகக் கேட்கப்போகும் பேராசிரியருக்கு அக்டோபரிலேயே இரண்டு பக்க வரைவை அனுப்பிவிடுங்கள்.