கிரிஃபித் மேல் குற்றமில்லையா?
வணக்கம் தம்பி, நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான். 1997இல் வந்த ‘பெர்செர்க்’ ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் 25 பாகமும் பார்த்த உங்கள் கூட்டாளி, சிறையில் பட்ட சித்திரவதைதான் கூலிப்படைத் தலைவன் கிரிஃபித்தைக் கெடுத்தது என்று அடித்துச் சொல்கிறார், எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

நீரூற்றுக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டுங்கள். தனக்கென ஒரு கனவு உள்ளவனே தன் நண்பன் என்று இளவரசி சார்லோட்டிடம் கிரிஃபித் சொல்கிறான். மறைவில் நின்று கேட்ட அவன் படைவீரன் கட்ஸ், அதனால்தானே படையை விட்டே கிளம்புகிறான்? அவனைப் பனியில் வாளோடு மறிப்பது யார்? அதே கிரிஃபித்! சிறைக்குப் போகும் முன்பே இது. நம் தோட்டத்து லய வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள், கூட்டாளி கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனால் முறைத்துக்கொள்கிறவர்களை.

அப்புறம், கிரகணத்தில் தன் படையையே பேய்களுக்குப் பலி கொடுக்க அவன் சம்மதம் தேவைப்பட்டது. கொடுத்தான். தொடர் அங்கே நிற்கிறது, அதன் மூலமான மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) இன்னும் போகிறது. அதையும் படித்துவிட்டு அசையாவிட்டால், சரி, விட்டுவிடுங்கள்.