எச்.எம். ஆக ஒரு எம்.ஏ.?

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் பதினாறு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். இரண்டு மூன்று வருடத்தில் எச்.எம். (தலைமை ஆசிரியர்) பதவி உயர்வுக்கான பேனலில் பெயர் வரலாம். பள்ளித் தலைமைத்துவத்தில் ஆன்லைன் முதுகலை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். இரண்டு வருடம், லட்சத்துக்குப் பக்கத்தில் செலவு. “பாடம் நடத்தத் தெரிந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்கிறார் கணவர். சேரலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

பதவிக்கும் பணத்துக்கும் என்றால் வேண்டாம். நம் ஊரில் எச்.எம். ஆவது சீனியாரிட்டியில்தான். உயர்கல்விக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வும் 2020 மார்ச்சோடு நின்றுபோனது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பதவி உயர்வு அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் உங்கள் கணவர் சொல்வது பாதிதான் சரி. அருமையாகப் பாடம் நடத்துகிறவர் எச்.எம். ஆனதும் எமிஸ் இணையதளப் பதிவு, சத்துணவுக் கணக்கு, கழிப்பறைத் தண்ணீர் என்று மூழ்கிப்போகிறார். பள்ளி மேலாண்மைக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டமோ வேலைநாளில் மதியம் மூன்று மணிக்கு. கூலி வேலைக்குப் போன அம்மா எப்படி வருவார்? வந்த நாலு பேர் கையெழுத்துப் போடுவார்கள். மிச்சக் கையெழுத்துக்குத் தீர்மான நோட்டு பிள்ளைகளின் பையில் வீடு வீடாகப் போய்த் திரும்பும். இதை மாற்ற யாரிடம் பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை பி.எட்.டில் நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இப்படி உங்கள் பள்ளிப் பிரச்சினையையே அசைன்மென்ட்டாக எழுதச் சொல்லி, படித்துவிட்டு திருப்பிக் கேள்வி கேட்கும் பேராசிரியர் அந்தப் படிப்பில் இருக்கிறாரா என்று ஏற்கெனவே படித்தவர்களிடம் விசாரியுங்கள். வீடியோ, பிடிஎஃப், கொள்குறி வினா என்று முடிந்துவிடும் என்றால் லட்சம் அதிகம். (சிங்கப்பூரில் பள்ளி முதல்வராகப் போகிறவர்களை ஆறேழு மாதம் முழுநேரமாக உட்காரவைத்துப் பயிற்சி தருகிறார்கள். நமக்கு ஒரு நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) கிடைப்பதே பெரிய பாடு.)

டெல்லியில் உள்ள மத்திய அரசுக் கல்வி நிறுவனமான நீபாவின் (NIEPA) பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் ஒரு ஆன்லைன் படிப்பை இலவசமாகவே நடத்துகிறது. முதலில் அதை முடியுங்கள். ராத்திரி சமையல்கட்டை ஒழித்துவிட்டு உட்கார முடிகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறமும் ஆசை இருந்தால் சேருங்கள். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இலேயே சொல்லிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி உண்டா என்று யுஜிசி பட்டியலில் பாருங்கள். பணம் கட்டுமுன் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) வழியாக முன் அனுமதியும் வாங்கிவிடுங்கள். படித்து முடித்துவிட்டுப் போய் நின்றால் எஸ்.ஆரில் (பணிப் பதிவேட்டில்) பதிய இழுத்தடிப்பார்கள்.