ரங்கூன் கடிதங்களும் பேரேடும்: கேள்வி பதில்

காரைக்குடி வாசகி: கொள்ளுத்தாத்தா ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். டிரங்குப் பெட்டி நிறையக் கடிதமும் பேரேடும் இருக்கின்றன. தேதிவாரியாக அடுக்கிவிடலாமா?

அடுக்காதீர்கள். கட்டு இருக்கும் வரிசையிலேயே ஓரத்தில் பென்சிலால் எண் போடுங்கள்: கட்டு 1, கடிதம் 1, 2, 3. ஏஜெண்டு முதலாளிக்கு எழுதிய கடிதத்துக்குள் ஐந்தொகை (வரவு செலவு, இருப்பு காட்டும் கணக்கு) நகலும் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) விவரமும் மடிந்திருக்கும். பிரித்தால் எந்தத் தொகை எந்தப் பேச்சுக்கு என்பது போய்விடும். துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று உருவினால் காகிதம் கிழியும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டு மெதுவாக எடுங்கள். செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். உறையையும் தபால்தலையையும் பிரிக்கவோ வெட்டவோ தொடாதீர்கள்.

மதுரை: ௨௱௩௰௫ என்று ஒரு தொகை. எப்படிப் படிப்பது?

இருநூற்று முப்பத்தைந்து. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். அதே ஏட்டில் ௨௩௫ என்றும் எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். பக்கத் தலையில் உள்ள ‘உ’ பிள்ளையார் சுழி. அதை 2 என்று கூட்டலில் சேர்த்துவிடாதீர்கள். ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. கூட்டுமுன் எந்த ஊர்க் கடை என்று பாருங்கள். ரங்கூன் ஏட்டில் 12-8-0 என்பது பன்னிரண்டரை ரூபாய்: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அதே தொகை கொழும்பு ஏட்டில் 12 ரூபாய் 50 சதம் என்றிருக்கும்.

சென்னை: ‘நூத்துக்கு 12 அணா’ வட்டி என்றால்?

மாதத்துக்கு. வருஷத்துக்கு 9 ரூபாய். ரங்கூனில் மாதாமாதம் 16ஆம் தேதி மாலை மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். ஏட்டில் விகிதம் மாதத்துக்கு மாதம் மாறினால் அதை எழுத்துப்பிழை என்று திருத்தாதீர்கள்.

திருச்சி: பிரமோதூத வருஷம் தை 5. எந்த வருஷம்?

1931 ஜனவரி.

தேவகோட்டை: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். பஞ்சாங்க அட்டவணையில் பிரமோதூத 1930 அல்லவா?

1930 ஏப்ரலில் தொடங்கும் வருஷம் அது, 1931 ஏப்ரல் வரை ஓடும். மார்கழிப் பாதியிலேயே ஆங்கில வருஷம் மாறிவிடுகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த எண்ணில்தான் சேரும். அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே எழுதிக்கொண்டால் பதில் கடிதம் முதல் கடிதத்துக்கு முந்தியதாகிவிடும்.

தேவகோட்டை: அப்படியானால் அறுபது வருஷம் முந்தி, 1871 ஆகவும் இருக்கலாமே?

நல்ல கேள்வி. கடிதத்தில் மட்டும் இதற்கு விடை கிடைக்காது, உறையைப் பாருங்கள். விக்டோரியா தலை என்றால் 1871, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1931. பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1இல். அதுவரை அங்கே இந்தியத் தபால்தலைதான், அதன்பின் ‘பர்மா’ என்று மேலே அச்சிட்டவை வந்தன. முத்திரையில் தேதியே தெளிவாக இருந்தால் வாதமே இல்லை. உறையையும் தபால்தலையையும் தொடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

புதுக்கோட்டை: பேரேட்டில் தண்டாயுதபாணி பேரில் பெரிய வரவு. பங்காளியா?

சாமி கணக்கு. மகமை (கோயிலுக்கென ஒதுக்கும் பணம்) அதில் வரவாகும், அதற்கும் வட்டி ஏறும்.

கோவை: பர்மாவில் ஐம்பது ஏக்கருக்குப் பத்திரம் இருக்கிறது. இப்போது கேட்டு வாங்க முடியுமா?

இன்று இதே கேள்வி நான்காவது முறை. முடியாது. 1930க்குப் பின் நெல் விலை சரிந்து கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசம் இருந்தது 1930இல் நூற்றுக்கு 6 பங்கு, 1937இல் 25. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரிடம் அசலைக் கொடுக்காதீர்கள், போனால் திரும்பாது.

ஈப்போ: மலாயாத் தோட்டப் பத்திரத்துக்கும் இதே பதிலா?

இல்லை. அது வேறு நாட்டுச் சட்டம், அங்குள்ள வழக்கறிஞரைப் பாருங்கள்.

சேலம்: போனில் படம் எடுத்தால் போதுமா?

வண்ணத்தில், நேர் மேலிருந்து, ஓரம் முழுக்கத் தெரியும்படி எடுத்தால் போதும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சிலால் போட்ட கூட்டல் மங்கிப்போகும்.

விருதுநகர்: உறைகளில் உள்ள தலைகளை மட்டும் வெட்டி விற்கலாமா?

வேண்டாம். தேவகோட்டைக்காரருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.